ரீச்சரின் காரில் எரியாமல் இருந்த லைற்

என்னுடைய கராஜில் வேலை பழகிய உங்களில் நாலு பேர் போன மாதம் மட்டும் எனக்கு ரெலிபோன் எடுத்தீர்கள். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி. பற்றரி மாற்றியாயிற்று, ஓல்டனேட்டரும் மாற்றியாயிற்று, பிறகும் சார்ஜ் ஏறவில்லை, இனி எதை மாற்றுவது? நான் பெயர் சொல்லவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும். நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு குளிசை, இரவில் ஒரு குளிசை. உந்தக் கேள்வி வருகிற நாட்களில் இரண்டும் காணாது.

மாற்றுவதற்கு முன் என்ன பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். கார்க்காரர் என்ன சொன்னார் என்று கேட்டால், "அவருக்கென்ன ஐயா தெரியும்" என்கிறீர்கள். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் எரிச்சல் வருகிறது. காரணம், இருபத்தைந்து வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் மெக்கானிக்மார் சங்கத்தின் மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் கைவிட்ட வாகனங்களை நான் ஓட வைத்த கதைகள் என்னிடம் நாலைந்து இருக்கின்றன. கலியாண வீடுகளில் எல்லாம் அவற்றைச் சொல்லி முடித்தாயிற்று. உங்களுக்கு அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே நான் பிழை விட்ட ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். ஒரே காரில், ஒரே பழுதுக்கு, நாலு தரம் பிழை விட்டேன்.

அது எண்பதுகளில் வந்த ஜப்பான் கார், பெற்றோல். நிறம் மங்கியிருந்தாலும் எஞ்சின் நல்ல எஞ்சின். உரும்பிராயில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து இளைப்பாறிய தவராசா என்பவருடையது. அவர் என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். கார் ஓட்டினால் பறக்கத்தான் தெரியும். ஒழுங்கைக்குள் அவருடைய சத்தம் கேட்டால் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி வேலியோடு ஒட்டி நிற்பார்கள்.

நீரிழிவு வருத்தம் அவருடைய சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது. கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தச் சுத்திகரிப்புச் செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அதன் பிறகு அவரால் கார் ஓட்ட முடியவில்லை. மனைவி மகேஸ்வரி ரீச்சர் சாவியைக் கையில் எடுத்தார். நல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். லைசென்ஸ் எப்போதோ எடுத்து வைத்திருந்தார், ஆனால் அதுவரை ஸ்கூட்டியில்தான் திரிந்தார். ஓட்டோவில் போகலாமே என்று பலர் சொன்னார்கள். சுத்திகரிப்பு முடிந்து வரும்போது மனிதருக்குத் தலை சுற்றும், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், ஓட்டோவின் குலுக்கம் தாங்கமாட்டார். காரின் பின்சீற்றில் தலையணை வைத்துச் சாய்த்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் கார் ரீச்சருக்கு ஆடம்பரம் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். நான் அதை அப்போது விளங்கிக்கொள்ளவில்லை.

முதல் தரம் அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. காலையில் கார் ஸ்ராட் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பெடியன்கள் தள்ளி விட்டார்கள் என்றார். என்னுடைய கராஜில் அன்று மூன்று வாகனம் திறந்தபடி கிடந்தது. பற்றரி நாலு வருடப் பழையது. பார்த்த உடனே பற்றரி முடிந்துவிட்டது என்றேன். வோல்ற் அளக்கிற மீற்றரை வைத்துப் பார்க்கவும் இல்லை.

புதுப் பற்றரியைப் பூட்டிக்கொண்டு நிற்கும்போது ரீச்சர் பக்கத்தில் வந்து, டாஷ்போர்ட்டில் பற்றரி லைற் இருக்கும் இடத்தைக் காட்டிச் சொன்னார்.

"அண்ணை, சிவப்பு லைற் எரியிறேல்லை."

"எரியாட்டில் நல்லதுதானே ரீச்சர். எரிஞ்சால்தான் பிழை" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் வந்தார். திரும்பவும் பற்றரி இறங்கிவிட்டது. புதுப் பற்றரி மூன்று கிழமையில் இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த அளவுக்கு எனக்கும் மூளை வேலை செய்தது. வேறு பற்றரியில் ஸ்ராட் பண்ணி, என் வழக்கப்படி அக்சிலேற்றரை நன்றாக இரண்டு மிதி மிதித்து, மீற்றரை வைத்தேன். பதினாலு வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதற்கு மேல் என்ன வேண்டும்? பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்டனேட்டர் நன்றாக வேலை செய்கிறது. அப்படியானால் பிழை ஆளில்தான் என்று முடிவு கட்டினேன்.

கதவைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருப்பீர்கள், உள்லைற் இரவிரவாக எரிந்திருக்கும் என்றேன். தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவதாக ரீச்சர் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, முதல் சொன்னதையே இன்னும் தெளிவாகச் சொன்னார். "அந்தச் சிவப்பு லைற், சாவியைத் திருப்பேக்கையும் எரியிறேல்லை அண்ணை."

தம்பிமாரே, தங்கச்சி, இந்த வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். பழுது என்ன, எங்கே இருக்கிறது என்று முழுவதும் அந்த வசனத்தில் இருக்கிறது. ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்குக்கூட அவ்வளவு சுருக்கமாகச் சொல்லமாட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பற்றரி லைற் எதற்கு இருக்கிறது என்று அவருக்கு ஒரு பாடம் எடுத்தேன். சார்ஜ் ஏறாவிட்டால் அது எரியும், எரியாவிட்டால் எல்லாம் சரி, ஆகவே லைற்றைப் பற்றி யோசிக்காதீர்கள் என்றேன். முப்பது வருடம் படிப்பித்தவர் ஒரு பிள்ளையைப் போல நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தரம் வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஓல்டனேட்டரைக் கழற்றிப் பிரித்துக் கரித்துண்டுகளை மாற்றினேன், உள்ளே இருக்கும் ரெகுலேற்றரையும் மாற்றினேன். பூட்டி, இரண்டு மிதி மிதித்து, மீற்றரை வைத்தேன். பதினாலு. கழற்ற முதலும் பதினாலு, கழற்றிய பிறகும் பதினாலு. ஒரு வித்தியாசமும் இல்லாத வேலைக்கு ஒரு பகலைச் செலவழித்தேன். ரீச்சர் லைற்றைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் இடையில் வெட்டி, "ரீச்சர், காரைச் சைக்கிள் மாதிரி உருட்டிக்கொண்டு போனால் பற்றரி என்னெண்டு ஏறும்? கொஞ்சம் மிதிச்சு ஓடுங்கோ" என்றேன்.

விடை அந்தப் பேச்சுக்குள்ளேயே இருந்தது. என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவரை ஏசிப் பேசுவதற்குத்தான் அதைப் பாவித்தேன், யோசிப்பதற்குப் பாவிக்கவில்லை. ரீச்சர் ஏன் மெதுவாக ஓடுகிறார் என்றும் நான் கேட்கவில்லை. பின்சீற்றில் மனிதருக்கு வயிறு குலுங்கினால் சத்தி வரும் என்றுதான் அவர் மெதுவாக ஓடினார்.

நாலாம் தரம் கார் கராஜுக்கு வரவில்லை. நான்தான் காரிடம் போனேன்.

மாரி தொடங்கி நாலைந்து நாளாக விடாத மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் மாலைநேரம் போல இருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரீச்சர் ரெலிபோன் எடுத்தார். பலாலி வீதியில், கோண்டாவில் சந்திக்கு இப்பால் கார் நின்றுவிட்டது. துடைப்பான் முதலில் மெதுவாகி, பிறகு ஹோர்ன் முனகி, கடைசியில் எஞ்சினே நின்றுவிட்டது. பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் கணவருடைய முறை. மூன்று நாளாகச் சுத்திகரிப்பு இல்லாததால் உடம்பில் தண்ணீர் ஏறி, மூச்சு வாங்குகிறது. ஓட்டோ ஒன்று வந்து பக்கத்தில் நிற்கிறது, ஏற்றட்டா என்று கேட்டார்.

அவர் என்னிடம் அனுமதி கேட்கவேண்டிய தேவையே இல்லை. நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் சொல்லுச் சொல்லாக நினைவிருக்கிறது. "ஓட்டோவை விடுங்கோ ரீச்சர். இந்த மழைக்கை ஆளை ஏத்தி இறக்காதேங்கோ. நான் வந்து அஞ்சு நிமிசத்திலை அனுப்பிவிடுறன்."

அவர் என் சொல்லை நம்பி ஓட்டோவை அனுப்பிவிட்டார்.

சார்ஜ் ஏற்றிய பற்றரி ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டேகாலுக்கு முன்னமே பற்றரியை மாற்றி, ஸ்ராட் பண்ணி, வழக்கம் போல மிதித்து, மீற்றரையும் வைத்துவிட்டேன். பதினாலு. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. போனெற்றை மூடிவிட்டுப் போங்கோ என்று சொல்லியிருந்தால் அவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதிகம் போனால் ஐந்து நிமிடம் பிந்தியிருக்கும். ஓல்டனேட்டர் செத்தே போயிருந்தாலும், நிறைந்த பற்றரி ஒன்று அந்தக் காரை யாழ்ப்பாணம் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவரும். இது எனக்குத் தெரியாதா? எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் மீற்றர் பதினாலு காட்டக் காட்ட எனக்குள் ஆத்திரம் ஏறியது. சார்ஜ் நன்றாக ஏறுகிற கார் நடுவீதியில் எப்படிச் செத்தது? மூன்று தரம் பார்த்துச் சரியென்று அனுப்பிய கார். எங்கோ ஒரு வயர் அசைந்து தொடர்பு விடுகிறது, இப்போதே பிடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நானே நிறுத்தினேன். பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். ஓல்டனேட்டருக்குப் பின்னால் இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மழைத்தண்ணீர் என் முதுகால் ஓடி எஞ்சினுக்குள் வடிந்தது. திரும்ப ஸ்ராட், திரும்ப மிதி, திரும்பப் பதினாலு. திரும்ப நிறுத்தி, திரும்பத் தேடினேன்.

ரீச்சர் குடையைப் பின்கதவுக்கு மேலே பிடித்தபடி நின்றார். யன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தார்கள், முழுக்க மூடினால் உள்ளே இருந்தவருக்கு மூச்சு முட்டியது. மனேச்சர் தவராசா சாய முடியாமல் முன்சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தார். அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் நான் வயரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியவில்லை. ரீச்சர் முன்னால் வந்து என் கையைப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் சொன்னார்.

"அண்ணை, உங்களுக்குக் காருக்கு என்னெண்டு தெரியவேணும். எனக்கு இவர் போய்ச் சேரவேணும். முதல் இவரைக் கொண்டுபோவம்."

அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணியாக இன்னும் பத்து நிமிடம். கார் ஓடக்கூடிய நிலைக்கு வந்த பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் அவர்களை மழையில் மறித்து வைத்திருந்தது அந்தக் காரின் பழுது அல்ல. நான்.

போனெற்றை மூடினேன். மோட்டார் சைக்கிளைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு நானே காரை ஓட்டினேன். ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மனேச்சருடைய முறையில், காத்திருந்த அடுத்தவரை மெசினில் போட்டுவிட்டார்கள். அதில் அவர்களுடைய பிழை ஒன்றுமில்லை, அவரும் உயிருக்குத்தான் வந்திருக்கிறார். மனேச்சரைக் கட்டிலில் இருத்தி ஒட்சிசன் கொடுத்தார்கள். தாதி ஒருவர், இப்படியா பிந்திக் கொண்டுவருவது என்று ரீச்சரைக் கேட்டார். கார் நின்றுவிட்டது என்று மட்டும் ரீச்சர் சொன்னார். நான் தண்ணீர் சொட்டச் சொட்டப் பக்கத்தில் நின்றேன். நாலு மணிக்குக் கிட்டத்தான் ஒரு மெசின் கிடைத்தது. அந்த மூன்று மணித்தியாலமும் மனேச்சர் வாயைத் திறந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்ததை நான் நடைபாதையில் இருந்து பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கும் விட்டுவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலை, கூப்பிடாமலே நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஸ்பனர் எதையும் வெளியே எடுக்கவில்லை. மீற்றரின் இரண்டு வயரையும் பற்றரியில் மாட்டி நீட்டி, யன்னலால் உள்ளே எடுத்து, மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீற்றில் ஏறினேன். ரீச்சரைக் கூப்பிட்டு, நீங்களே ஸ்ராட் பண்ணுங்கோ, மனேச்சர் பின்னால் இருக்கிறார் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் எப்படி ஓடுவீர்களோ அப்படியே ஓடுங்கோ என்றேன். இதைச் செய்ய எனக்கு நாலு தரம் தேவைப்பட்டிருக்கிறது.

அவர் மெல்லச் சாவியைத் திருப்பினார். மெல்ல ஒழுங்கையால் இறங்கினார். மீற்றர் பன்னிரண்டரை காட்டியது. பிரதான வீதியிலும் பன்னிரண்டரை. கொஞ்ச தூரம் போகப் பன்னிரண்டு புள்ளி மூன்று. ஓல்டனேட்டர் பெல்ட்டில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு துளி மின்சாரமும் தரவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. உரும்பிராய்ச் சந்தியில் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, ரீச்சர் பதறி அக்சிலேற்றரை அழுத்தினார். என் மடியில் மீற்றர் ஒரே பாய்ச்சலில் பதினாலுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் எவ்வளவு மெதுவாக ஓடியும் இறங்கவில்லை.

காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு, ஸ்ராட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். ஒயில் லைற் எரிந்தது. பிறேக் லைற் எரிந்தது. பற்றரி லைற் எரியவில்லை.

உங்களில் பலர் கொம்பியூட்டர் வைத்த புதுக் கார்களோடு வளர்ந்தவர்கள் என்பதால் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தப் பழைய கார்களில் அந்தச் சிவப்பு பல்ப் எங்களுக்குச் சேதி சொல்ல மட்டும் இருக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் பற்றரியில் இருந்து கொஞ்ச மின்சாரம் அந்த பல்ப்புக்கு ஊடாகத்தான் ஓல்டனேட்டருக்குப் போகிறது. அதுதான் ஓல்டனேட்டரை எழுப்புகிறது. எழும்பிய பிறகு அது தன்பாட்டில் வேலை செய்யும், லைற் அணைந்துவிடும். பல்ப் செத்தால், அல்லது இல்லாவிட்டால், எழுப்ப ஆள் இல்லை. எஞ்சினை நன்றாக மிதித்தால் இரும்பில் மிச்சம் இருக்கும் காந்தத்தால் சில ஓல்டனேட்டர்கள் தாமாகவே எழும்பிவிடும். மெதுவாக ஓடினால் எழும்பாது. எழும்பவில்லை என்று சொல்ல லைற்றும் இல்லை.

இப்போது என்னைப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் நான் இரண்டு மிதி மிதித்து ஓல்டனேட்டரை எழுப்பிவிட்டு, பிறகு மீற்றரை வைத்து, அது எழும்பி இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். நான் சோதித்தது ரீச்சரின் காரை அல்ல, என் காலை.

வீட்டுக்குத் திரும்பி வந்து டாஷ்போர்ட்டில் வேகமானியும் லைற்றுகளும் இருக்கும் மீற்றர்ப் பெட்டியைக் கழற்றினேன். விறாந்தையில் சாய்வுநாற்காலியில் மனேச்சர் போர்வையோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திருப்பினால், பற்றரி லைற்றுக்கு உரிய துவாரத்தில் பல்ப் கருகியிருக்கவில்லை. பல்ப்பே இல்லை. யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்று மாதத்து வேதனை, மழையில் அந்த அரை மணித்தியாலம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் தூக்கிப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். இதைச் செய்தவன் கையை முறிக்க வேண்டும், வேலை தெரியாத மூதேவிகள் எல்லாம் ஸ்பனர் தூக்கினால் இப்படித்தான் என்று சத்தமாகவே பேசினேன். யாரிடம் முந்திக் காட்டினீர்கள் என்று விறாந்தையைப் பார்த்துக் கேட்டேன்.

மனேச்சர் கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார். "தம்பி, ஒருத்தரையும் பேசாதையும். அது நீர் செய்த வேலை."

பிறகு அவர் ஆறுதலாக விளக்கினார். நாட்டில் சாமான் ஒன்றும் கிடைக்காத ஒரு தட்டுப்பாட்டு வருடத்தில், இரவில் வேகமானி தெரியவில்லை என்று அவர் காரை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். பொருத்தமான பல்ப் டவுனிலும் இருக்கவில்லை. நான் பற்றரி லைற்றின் பல்ப்பைக் கழற்றி வேகமானிக்குப் போட்டுவிட்டு, இப்போதைக்கு இது இருக்கட்டும், பல்ப் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் பறக்கிற மனிதர் ஆனபடியால் அவருடைய காலுக்கு ஓல்டனேட்டர் ஒவ்வொரு நாளும் எழும்பியிருக்கிறது. அவர் அதை மறந்துபோகவில்லை. பல்ப் ஒன்று இல்லாததற்கும் பற்றரி இறங்குவதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. மூன்று மாதமாகப் பின்சீற்றில் இருந்த மனிதரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நினைவு வந்தது. பல்ப்பைக் கழற்றியபோது அதன் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நாளைக்கு, நாளன்றைக்கு என்று நினைத்து விட்டிருக்கிறேன். எழுதி வைக்கவில்லை. வாகனத்தில் ஒரு துண்டும் ஒட்டவில்லை. கராஜை நிரப்பிக்கொண்டு வாகனங்கள் நின்றபடியால் மறந்துபோய்விட்டேன். இப்போதைக்கு என்று செய்கிற வேலையை ஒரு கொப்பியில் எழுதுங்கள் என்று உங்களுக்கு நான் ஏன் கரைச்சல் கொடுத்தேன் என்று இப்போது தெரிகிறதா? நல்ல பழக்கம் என்பதற்காக இல்லை. மறந்துபோகிறவன் நான் என்று கண்டுவிட்டேன்.

மோட்டார் சைக்கிளில் கராஜுக்குப் போய் ஒரு பல்ப் எடுத்து வந்தேன். பூட்ட ஐந்து நிமிடம் ஆனது. ரீச்சரை இருத்தி மெல்ல ஸ்ராட் பண்ணச் சொன்னேன். சாவியைத் திருப்ப லைற் எரிந்தது, எஞ்சின் ஓட அணைந்தது, மிதிக்காமலே மீற்றர் பதினாலு காட்டியது.

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் நான். மழைநாளைப் பற்றி ஏதோ தொடங்கி முடிக்க முடியாமல் நின்றேன். ரீச்சர் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்ரேறிங்கில் கையை வைத்தபடி பேசினார்.

"கார்ப் புத்தகத்திலை கிடக்கு அண்ணை. சாவியைத் திருப்பினால் உந்த லைற் எரியவேணும், எஞ்சின் ஓடத் தொடங்க அணையவேணும் எண்டு. வாசிச்சிட்டுத்தான் உங்களிட்டைச் சொன்னனான். நீங்கள் இல்லையெண்ட உடனை, நான்தான் பிழையா விளங்கியிருக்கிறன் எண்டு நினைச்சன். உங்களிலை எனக்குக் கோவமில்லை. கண்ணாலை கண்டதை விட்டிட்டன் எண்டு என்னிலைதான் கோவம்."

அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்களிடம் வருகிறவர்கள் காரோடு வருகிறார்கள், கண்ணோடும் வருகிறார்கள். நாங்கள் கையில் கிறீஸோடு நின்று, தெரிந்தவன் போல ஒரு சொல் சொன்னால், தங்கள் கண்ணைத் தாங்களே நம்பாமல் போய்விடுகிறார்கள். ஓல்டனேட்டரைப் பிழையாக மாற்றினால் திரும்பக் கழற்றலாம். தங்கள் கண்ணின் மேலேயே வந்த இந்தச் சந்தேகத்தை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன். ஆள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். "எரியவில்லை" என்றால், எப்போது எரியவில்லை என்று கேளுங்கள். அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். வண்டிக்குள் வருத்தக்காரர் இருந்தால் வண்டியை விடுங்கள், பழுது நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

மனேச்சர் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். காரால் ஒரு நாளும் முறை தவறவில்லை. கடைசியில் இதயம்தான் நின்றது, வீட்டில், பகல் நித்திரையில்.

செத்த வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டில் இருந்து மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். நான் பந்தலின் கரையில் நின்றேன். ரீச்சர் என்னைக் கண்டு, மகனைக் கூட்டிக்கொண்டு வந்து அறிமுகப்படுத்தினார். அப்பாவைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த காரைத் திருத்தித் தந்தவர் இவர்தான் என்றார். அந்தப் பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னான்.

காரைப் பழுதாக்கியது யார் என்று ரீச்சர் அவனுக்குச் சொல்லவில்லை. அன்று நானும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதியிருக்கிறேன்.